பதின்மூன்று ஊடையில் ஐந்து இழை

பட்டுச் சேலையின் கரையோரம் பல் பல்லாக ஏறி இறங்கும் ரேக்கைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தால் பிசிறில்லாத சாய்கோடுகள் தெரியும். அதையே கண்ணருகே கொண்டுவந்து ஒரு பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்தால் அந்தக் கோடுகள் காணாமல் போய்விடும். அங்கே இருப்பவை படிகள். நெடுக்கே இரண்டு ஊடை, பக்கவாட்டில் ஓர் இழை. நெடுக்கே மூன்று ஊடை, மறுபடி பக்கவாட்டில் ஓர் இழை. சாய்வாக ஓடும் நூல் என்று அந்தச் சேலையில் ஒன்றுகூடக் கிடையாது. பாவு நெடுக்கே போகிறது, ஊடை குறுக்கே போகிறது. அவை சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் எது மேலே தெரியவேண்டும் என்பதை மட்டும்தான் நெசவால் தீர்மானிக்க முடியும். அந்த ஒரே உரிமையை வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு சாய்கோட்டைக் கண்ணுக்குள் உண்டாக்கிவிடுகிறார்கள்.

ஆரணியை ஒட்டிய சேவூரில், கமண்டல நாகநதிப் பக்கத்துப் பட்டுத் தறிகளில், இந்த வேலை அன்றாடம் நடக்கிறது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பட்டு. அதன் பளபளப்பையும் ஜரிகையையும் வண்ணச் சேர்க்கையையும் பாராட்ட ஆளுக்குக் குறைவில்லை. நான் பாராட்ட விரும்புவது அதைவிடச் சின்ன ஒன்றை: கரையில் ஏறும் ஒரு சாய்கோட்டில் படிகள் எந்த வரிசையில் விழுகின்றன என்பதை. இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, மூன்று என்று விழும் அந்த வரிசைக்குள் ஓர் அழகான கணிதம் இருக்கிறது. கணினித் திரையில் சாய்கோடு வரையும் அடிப்படை வழிக்கும் அதே கணிதம்தான் ஆதாரம்.

முதலில் எளிய கோடுகளைப் பார்த்துவிடுவோம். சேலையின் நீளவாக்கில் ஒரு கோடு வேண்டுமென்றால் பாவு ஓட்டும்போதே அந்த இடத்தில் வேறு நிற இழைகளை வைத்துவிட்டால் போதும். அதன் பிறகு நெசவாளர் அந்தக் கோட்டைப் பற்றி நினைக்கவே வேண்டாம். சேலை முடியும்வரை அது தானாக வரும். அகலவாக்கில் கோடு வேண்டுமென்றால் நாடாவை மாற்றி வேறு நிற ஊடையைச் சில தடவை ஓட்டினால் ஆயிற்று. இவ்விரண்டு கோடுகளும் தறியின் இயல்போடு ஒத்துப்போகின்றன.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நிலைமை வேறு. ‘ஒய் ஈக்குவல் டு எம்எக்ஸ் பிளஸ் சி’ என்று மனப்பாடம் செய்கிறோமே, அதில் எம் என்பது சாய்வு. கிடைக்கோட்டுக்குச் சாய்வு பூஜ்யம், சிக்கல் இல்லை. ஆனால் நிமிர்ந்து நிற்கும் கோட்டுக்குச் சாய்வைக் கணக்கிடப் போனால் பூஜ்யத்தால் வகுக்க நேர்கிறது, அந்தச் சமன்பாடு கைவிட்டுவிடுகிறது. சமன்பாட்டை அப்படியே நிரலாக எழுதினால் கணினியும் அந்த இடத்தில் நின்றுவிடும். காகிதத்தில் சாய்வே சொல்ல முடியாத கோடு, தறியில் எல்லாவற்றிலும் சுலபமான கோடு. பாவுக்கும் ஊடைக்கும் இடையே உயர்வு தாழ்வு இல்லாததால் தறிக்கு இந்தச் சிக்கலே எழவில்லை. பின்னால் வரப்போகும் கணினிக் கணக்கின் அழகுக்கும் இதே சமத்துவம் ஒரு காரணம்.

சாய்கோட்டுக்கு வந்தால்தான் யோசனை தொடங்குகிறது. டிசைன் போடுபவர் அதை முதலில் கட்டம் போட்ட கிராஃப் தாளில் வரைகிறார். ஒரு கட்டம் என்பது ஒரு பாவு இழையும் ஓர் ஊடையும் சந்திக்கும் இடம். பென்சிலால் சாய்கோட்டை இழுத்துவிடலாம். ஆனால் பென்சில் கோட்டைத் தறி அறியாது. எந்தெந்தக் கட்டத்தை நிரப்புவது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்தாக வேண்டும். கோடு இரண்டு கட்டங்களுக்கு நடுவே போகும்போது எந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுப்பது? பாதிக் கட்டம் என்று ஒன்று தறியில் இல்லை.

இதற்கு முன்பே அவர் இன்னொரு கணக்கையும் முடித்திருக்கிறார். துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை என்பது சமமாக இருக்கவேண்டியதில்லை. பாவு 80, ஊடை 60 என்று வைத்துக்கொள்வோம். தாளில் கட்டத்துக்குக் கட்டம் மூலைவிட்டமாக 60 கட்டம் ஏறினால், துணியில் அகலம் முக்கால் அங்குலம்தான் வரும், நீளம் ஓர் அங்குலம் வரும். தாளில் சரிபாதியாகச் சாய்ந்த கோடு துணியில் நிமிர்ந்துகொள்ளும். வட்டம் முட்டையாகிவிடும். அதனால்தான் நெசவுக்கான கிராஃப் தாளில், துணியின் நெருக்கத்துக்கு ஏற்பக் கட்டங்களை நீள்சதுரமாக அச்சிடும் வழக்கம் வந்தது. தேர்ந்த டிசைனர் சதுரக் கட்டத்தில் வரைந்தாலும் துணியில் அது எப்படி நிற்கும் என்பதை மனக்கண்ணில் பார்த்தே வரைகிறார். தாளின் சாய்வும் துணியின் சாய்வும் வெவ்வேறு என்பதை விரல்நுனியில் வைத்திருப்பதே தனித் தேர்ச்சி.

இப்போது ஒரு ரேக்கை எடுத்துக்கொள்வோம். நெடுக்கே 13 ஊடை போவதற்குள் கோடு பக்கவாட்டில் 5 இழை நகரவேண்டும். ஐந்தைப் பதின்மூன்றால் வகுத்தால் 0.384615, மறுபடி 384615 என்று முடிவில்லாமல் போகும். ஓர் ஊடைக்கு இவ்வளவு என்று இந்தப் பின்னத்தைக் கூட்டிக்கொண்டே போகும் நிரல், எங்கோ ஓரிடத்தில் பின்னத்தை வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டிய துணுக்குகள் சேர்ந்துகொண்டே போகும். நீளமான கோட்டில் அது வெளியே தெரிந்துவிடும்.

1962-ல் இந்தச் சிக்கலுக்கு ஜாக் பிரெசன்ஹாம் ஒரு வழி கண்டார். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் அவர் பணிபுரிந்த காலம். ஐபிஎம் 1401 கணினியோடு ஒரு கால்காம்ப் வரைவியை இணைத்திருந்தார்கள். உருளை சுழன்றால் தாள் முன்னும் பின்னும் நகரும். பேனா இடமும் வலமும் நகரும். ஒரு நகர்வு என்பது அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் மூலைவிட்டம். மொத்தம் எட்டுத் திசைகள், அவ்வளவுதான் அந்தப் பேனாவுக்குத் தெரியும். பாவும் ஊடையும் போலவே செங்குத்தான இரண்டு ஓட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்தச் சாய்வையும் வரைந்தாக வேண்டும். 1401-ல் பெருக்கலும் வகுத்தலும் செய்யும் வசதிகூடத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டிய ஒன்று. இந்த வறுமையில் பிறந்த கணக்கு 1965-ல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியானது. கூட்டல், கழித்தல், ஓர் ஒப்பீடு என்று அதில் எல்லாமே முழு எண்கள்.

அதன் சாரத்தை மளிகைக் கடைக்காரரின் பற்று வரவு நோட்டாக நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஊடைக்கும் பற்றில் 5 ஏறும். பற்று 13-ன் பாதியை, அதாவது ஆறரையைத் தாண்டினால், கோடு ஓர் இழை பக்கவாட்டில் நகரும், பற்றில் 13 கழியும். தாண்டாவிட்டால் அதே இழையில் நிற்கும். மீதி எதையும் தள்ளுபடி செய்வதில்லை. அடுத்த ஊடைக்கு அப்படியே கொண்டுபோகிறோம். நடைமுறையில் அரையைத் தவிர்க்க எல்லா எண்களையும் இரட்டித்துக்கொள்வார்கள், கருத்து இதுதான்.

போட்டுப் பார்ப்போம். முதல் ஊடையில் 5, நிற்கிறது. இரண்டாவதில் 10, ஆறரையைத் தாண்டியதால் ஓர் இழை நகர்ந்து, 13 கழிந்து, மீதி −3. மூன்றாவதில் 2. நான்காவதில் 7, நகர்ந்து −6. பிறகு −1, 4. ஏழாவதில் 9, நகர்ந்து −4. பிறகு 1, 6. பத்தாவதில் 11, நகர்ந்து −2. பிறகு 3. பன்னிரண்டாவதில் 8, நகர்ந்து −5. பதின்மூன்றாவது ஊடையில் பூஜ்யம். ஐந்து இழை நகர்ந்தாயிற்று, கணக்கும் தீர்ந்தது.

கொஞ்சம் நின்று அந்த மீதிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள்: 5, −3, 2, −6, −1, 4, −4, 1, 6, −2, 3, −5, 0. மீதி என்பது உண்மையான கோட்டிலிருந்து நம் கட்டம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன் அளவு. −6 முதல் 6 வரை பதின்மூன்று எண்கள் உண்டு. அந்தப் பதின்மூன்றும் இங்கே வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. எதுவும் விடுபடவில்லை, எதுவும் இரண்டாம் தடவை வரவில்லை. ஐந்துக்கும் பதின்மூன்றுக்கும் பொதுக் காரணி இல்லாததன் விளைவு இது. இன்னும் பாருங்கள்: முதல் மீதி 5, கடைசிக்கு முந்தையது −5. இரண்டாவது −3, பின்னாலிருந்து எண்ணினால் அதே இடத்தில் 3. பிறகு 2, −2, −6, 6, −1, 1, 4, −4. இடப்பக்கம் ஒரு தடவை எவ்வளவு விலகியதோ, வலப்பக்கம் ஒரு தடவை சரியாக அவ்வளவே விலகுகிறது. எல்லா விலகலையும் கூட்டினால் பூஜ்யம். எந்த விலகலும் அரைக் கட்டத்தைத் தாண்டவில்லை. கட்டங்களால் ஆன ஒரு கோடு இதைவிட நேர்மையாக இருக்க வழியே இல்லை.

இப்போது படிகளைப் பாருங்கள். தொடக்கக் கட்டத்தையும் சேர்த்து எண்ணினால் ஒவ்வோர் இழையிலும் நிற்கும் ஊடைகள்: 2, 2, 3, 3, 2, 2. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. இதே நான்கு இரண்டுகளையும் இரண்டு மூன்றுகளையும் 2, 2, 2, 2, 3, 3 என்று அடுக்கியிருந்தால்? தொடங்கும் இடமும் முடியும் இடமும் மாறாது, கட்டங்களின் எண்ணிக்கையும் மாறாது. ஆனால் கோடு வளைந்துவிடும். இரண்டு கோட்டுத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பதில் மனிதக் கண் அசாத்தியமான கூர்மை உடையது. இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாத தூரத்திலும் ஒரு விலகலை அது கண்டுபிடித்துவிடும். சேலையில் வளைவைப் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமல் இருக்கலாம், ‘கரை சரியா விழலை’ என்று சொல்லிவிடுவார். அதனால் படிகளைப் பங்கிடுவதில்தான் எல்லாமே இருக்கிறது.

ரேக்கு ஏறியதோடு நிற்பதில்லை. முனை தொட்டு இறங்கவேண்டும், மறுபடி ஏறவேண்டும். மேலே சொன்ன ஏற்றத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பி, முனைக் கட்டத்தைப் பொதுவாக வைத்து ஒட்டினால் என்ன ஆகிறது? முனையில் ஏறும் பக்கத்து 2-ம் இறங்கும் பக்கத்து 2-ம் ஒரு கட்டத்தைப் பகிர்ந்துகொண்டு 3 ஆகின்றன. அடிப்பள்ளத்திலும் அப்படியே. ஆக ஒரு முழு ரேக்கு 3, 2, 3, 3, 2, 3, 2, 3, 3, 2 என்று 26 ஊடையில் முடிகிறது. மூலையிலும் படி 3-தான், நடுவிலும் 2 அல்லது 3-தான். முனை மொண்ணையாகவும் இல்லை, ஊசியாகத் துருத்தவும் இல்லை.

இந்த 26 என்ற எண் தறிக்கு நேரடியாகப் பேசும் எண். ஜக்கார்டு பெட்டியில் ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்றால், ரேக்குக்கு 26 அட்டைகள். கிராஃப் தாளின் ஒரு வரியைப் பார்த்து ஓர் அட்டையில் துளை குத்துகிறார்கள். துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கும். குத்திய அட்டைகளை வரிசையாகக் கயிற்றால் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்து வளையமாக்குகிறார்கள். மிதி மிதிக்க மிதிக்க வளையம் சுற்றும், ரேக்கு சேலை நெடுகத் தொடரும். கடைசி அட்டைக்கும் முதல் அட்டைக்கும் இடையே படிக் கணக்கு பிசகியிருந்தால், அந்தப் பிசகு 26 ஊடைக்கு ஒரு முறை தவறாமல் திரும்ப வந்து, சேலை முழுவதும் ஒரு தழும்பாகத் தொடரும். கணக்கு பூஜ்யத்தில் தீர்ந்த ரேக்கில் இணைப்பு எங்கே என்று யாராலும் காட்ட முடியாது.

சாய்வின் தன்மையும் அட்டையில் தெரியும். நம் ரேக்கைப் போல நிமிர்ந்த கோட்டில் ஒரே இடத்துத் துளை இரண்டு, மூன்று அட்டைகளுக்குத் தொடர்ந்து வரும். படுத்த கோட்டில் ஒரே அட்டையில் பல துளைகள் பக்கம் பக்கமாக வரும். கோடு மிகவும் படுத்துவிட்டால் ஜரிகை பல இழைகளுக்கு மேல் பிடிமானமில்லாமல் நீளமாகக் கிடந்து, வளையலிலும் நகத்திலும் மாட்டும். நடுவே அதைக் கட்டிப்போட இடம் விடவேண்டும். நிமிர்ந்த கோட்டுக்கு ஒரு பார்வை, படுத்த கோட்டுக்கு ஒரு பார்வை தேவைப்படுகிறது. பிரெசன்ஹாம் கணக்கிலும் இதுவே நடக்கிறது: எந்தத் திசையில் அதிக தூரமோ அந்தத் திசையில் ஒவ்வொரு கட்டமாக நடந்து, மற்றத் திசையில் நகர்வதா வேண்டாமா என்று கேட்கும். கோடு எட்டுத் திசைக் கூறுகளில் எதில் கிடந்தாலும், தேவைக்கேற்ப இரண்டு அச்சுகளையும் இடம் மாற்றி, நகரும் திசையையும் திருப்பிக்கொண்டால் போதும். நேர் நிமிர்ந்த கோட்டுக்குச் சமன்பாட்டில் வந்த ஆபத்து இங்கே வருவதில்லை; வகுத்தலே இல்லாத இடத்தில் பூஜ்யத்தால் வகுக்கும் பேச்சுக்கே இடமில்லை.

துளையிட்ட அட்டை வழியாகத் தறிக்கும் கணினிக்கும் ஒரு வரலாற்று உறவும் உண்டு. லியோன் நகரத்து ஜோசஃப் மரி ஜக்கார்டு 1804-ல் தன் கருவியைக் காட்டினார். அந்த அட்டைகளைச் சார்லஸ் பாபேஜ் தன் பகுப்பாய்வு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்த எந்திரத்தைப் பற்றி அடா லவ்லேஸ் 1843-ல் எழுதிய குறிப்புகள் ஜக்கார்டு தறியையே உவமையாக்கின. 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளால் எண்ணினார். அவருடைய நிறுவனம் பிற நிறுவனங்களோடு இணைந்து பின்னாளில் ஐபிஎம் ஆனது. பிரெசன்ஹாம் பயன்படுத்திய 1401 கணினிக்கும் துளை அட்டைகளே உணவு. பட்டில் கோடு வரையப் பிறந்த அட்டை, ஒன்றரை நூற்றாண்டு சுற்றி வந்து, காகிதத்தில் கோடு வரையும் கணக்கைச் சுமந்தது.

தமிழ்நாட்டிலும் இந்தச் சிந்தனைக்கு ஒரு மதிப்பான இடம் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலங்களைக் கட்ட வரிசைகளாகப் பார்த்து, சில விதிகளிலிருந்து அவை எப்படிப் பிறக்கின்றன என்று ஆராய்ந்து 1974-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அது கணினி வரைகலையின் தொடக்க கால ஆய்விதழ் ஒன்றில் வந்தது. அதே 1974-ல் அமெரிக்காவில் அஸ்ரியல் ரோசன்ஃபெல்ட், கட்டங்களால் ஆன ஒரு கோடு எப்போது நேர்க்கோடு எனத் தகும் என்பதற்கு வரையறை தந்தார். அந்தக் கோட்பாட்டிலிருந்து கிடைக்கும் விதிகள் நம் ரேக்கில் அப்படியே தெரிகின்றன. நேர்க்கோட்டின் படிகளில் இரண்டே இரண்டு அளவுகள்தான் இருக்கலாம், அவையும் அடுத்தடுத்த எண்களாக இருக்கவேண்டும்: இங்கே 2, 3. அவற்றுள் ஒன்று தனித்தனியாகவே வரவேண்டும்: நம் கோட்டை வளைக்காமல் தொடர்ந்து நீட்டினால் 2, 3, 3, 2, 3 என்பதே திரும்பத் திரும்ப வரும், இரண்டு 2 எங்குமே ஒட்டாது. இன்னொன்று கூட்டமாக வரலாம், ஆனால் அந்தக் கூட்டங்களின் அளவும் அடுத்தடுத்த இரண்டு எண்களாகவே இருக்கும்: 3 ஒன்றாக வருகிறது, அல்லது இரண்டாக. படிக்குள் இருக்கும் ஒழுங்கு, படிகளின் கூட்டத்துக்குள்ளும் அப்படியே தொடர்கிறது.

நுட்பத்தை முழுதாகச் சுவைக்க, பதின்மூன்றைப் பன்னிரண்டாக மாற்றிப் பாருங்கள். 12 ஊடையில் 5 இழை. ஆறாவது ஊடையில் பற்று சரியாக 6, அதாவது சரிபாதி. நகர்வதா, நிற்பதா? இரண்டும் சமமான தவறு. நிரல் எழுதுபவர் ‘சரிபாதி என்றால் நில்’ என்று ஒரு விதி போடுவார். அதே விதியோடு கோட்டை மறுமுனையிலிருந்து வரைந்தால் நடுக்கட்டம் மாறிவிடும். போன வழியும் வந்த வழியும் பொருந்தாது. கணினி வரைகலையில் இது பழகிய சங்கடம். ஒற்றைப்படை நீளத்தில் சரிபாதி என்ற நிலையே எழாது. எண்ணைச் சற்றே மாற்றிச் சங்கடத்தை வேரோடு எடுத்துவிடலாம் என்பது கட்டத் தாளில் பல நாள் உட்கார்ந்தவருக்கே தோன்றும் ஞானம்.

இன்று டிசைனர்கள் பலர் கணினியில் வரைகிறார்கள். சுட்டியால் ஒரு கோட்டை இழுத்தவுடன், பிரெசன்ஹாம் கணக்கோ அதன் வழிவந்த ஒன்றோ நொடிக்குள் கட்டங்களை நிரப்பித் தந்துவிடுகிறது. அதன் பிறகும் ஒரு நல்ல டிசைனர் படத்தைப் பெரிதாக்கி, முனைகளையும் இணைப்புகளையும் கட்டம் கட்டமாகப் பார்த்துத் திருத்துகிறார். ஏனென்றால் நிரலுக்குத் தெரிந்தது ஒற்றைக் கோடு. அவருக்குத் தெரிந்தது வளையமாகச் சுற்றும் 26 அட்டைகள், ஜரிகையின் கனம், கரை உடலைத் தொடும் இடம், கட்டுபவரின் இடுப்பில் மடிந்து விழப்போகும் துணி.

சேவூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் தறியுள்ள வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்கு நேர்க்கோட்டின் சமன்பாட்டைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், வரைபடத்தாளில் அளவுகோலை வைத்துக் கோடு இழுப்பதோடு நிறுத்தாமல், 17-க்கு 7 என்று கொடுத்து, கட்டங்களை மட்டும் நிரப்பச் சொல்லலாம். ஏழு ஏழாகக் கூட்டி, எட்டரையைத் தாண்டும்போது பதினேழைக் கழித்துக்கொண்டு வரும் பிள்ளை, கடைசியில் பூஜ்யத்தில் வந்து நிற்பதைத் தானே கண்டுபிடிக்கும். மீதிகளை வரிசையாக எழுதினால் −8 முதல் 8 வரை எல்லா எண்ணும் ஒவ்வொரு முறை வந்திருப்பதையும் பார்க்கும். அதன்பின் அந்தப் பிள்ளை தன் வீட்டுத் தறியில் ஓடும் கரையைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். சமன்பாடும் நிரலும் சேலையும் ஒரே கேள்விக்கு விடை தேடுகின்றன என்று அதற்கு விளங்கும்: முழுதாகக் கொடுக்க முடியாத ஒன்றை, யாருக்கும் குறை வைக்காமல் எப்படிப் பங்கிடுவது? அதற்குப் பட்டில் எழுதப்பட்ட விடையை நம் பெண்கள் எத்தனையோ முகூர்த்தங்களில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அந்த விடையைப் படிக்கவும் தெரிந்துகொண்டால், நெசவாளருக்கும் கணிதத்துக்கும் நாம் செய்யும் மரியாதை முழுமையடையும்.